நீ மிதித்த இடத்தில் தண்டுவடம் இல்லை

தம்பி,

முதலில் உட்கார். பஸ் கிளம்பப்போகிற மாதிரி எதையும் நின்றுகொண்டே படிக்கிறவன் நீ. இது அப்படிப் படித்து முடிக்கிற நீளம் இல்லை. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று ஆரம்பத்திலேயே கண்ணைக் கசக்காதே. என் எழுத்து எந்தக் காலத்தில் நேராக இருந்தது? கரும்பலகையில் எழுதினால் போகப் போக மேலே ஏறுகிறது என்று என் வகுப்புப் பிள்ளைகள் வருஷா வருஷம் சிரித்தார்கள். இப்போது கீழே இறங்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ பாதியில் நிறுத்திவிட்டு, "அப்புறம் கேக்கறேம்மா" என்று சொல்லிவிடுவாய். அதனால்தான் பேனாவைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, விரலுக்குப் பிடிமானம் கிடைக்கும்படி செய்துகொண்டு, நானே எழுதுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுகிற ரகசியக் கடிதமும் இல்லை. கவிப்பிரியா படிக்கட்டும், உன் அக்கா படிக்கட்டும், ஊரில் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எல்லோரும் படிக்கட்டும்.

நேற்று கவிப்பிரியா போன் செய்தாள். தை மாதம் உன் கையால் தாலி கட்டிக்கொள்ளப்போகிறவள் கூப்பிடுகிறாளே, புடவை நிறம் ஏதாவது கேட்பாள் என்று நினைத்துத்தான் எடுத்தேன். "அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே?" என்று ஆரம்பித்தாள். கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப்போடலாம் என்று நீ சொன்னாயாம். அம்மா பழையபடி நடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாயாம். அவள் விடாமல் கேட்டதும், அப்படியானால் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொள்வோம், மண்டபம் வேண்டாம், பாத பூஜை வேண்டாம் என்றாயாம். ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்ன பதிலை அந்தப் பெண் அழுதுகொண்டே எனக்குச் சொன்னாள். "பெத்தவளை மிதிச்சு முடக்கிப்போட்டவன் நான். நான் போய் அவ காலைக் கழுவினா ஊரு சிரிக்கும்." நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. உன்மேல் வந்தது, உன் அப்பாமேல் வந்தது, கடைசியில் சுற்றி வந்து என்மேலேயே நின்றது. மாசக்கணக்காக இந்த முட்டாள்தனத்தை ஒருத்தன் நெஞ்சில் சுமந்துகொண்டு பெங்களூரில் உட்கார்ந்திருக்கிறான், பெற்றவளுக்குத் தெரியவில்லை என்றால் நான் என்ன அம்மா!

அதனால் இன்றைக்கு உனக்குப் பாடம் நடத்தப்போகிறேன். நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தினேன், நீ மட்டும் என்னிடம் சிக்கவே இல்லை. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் வேண்டாம், கம்ப்யூட்டர் போதும் என்று ஓடினாயே, அதன் பலன்தான் இது. மூளை எங்கே இருக்கிறது, தண்டுவடம் எங்கே முடிகிறது என்று தெரிந்தவன் இப்படி உட்கார்ந்து தன்னைத் தானே தண்டித்துக்கொள்ள மாட்டான்.

நீ பிறந்த கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பம். அக்காவைப் போல நீயும் தலைகீழாகத் திரும்பி ஒழுங்காக வருவாய் என்று காத்திருந்தோம். "அடியாத்தீ, காலு வருதும்மா!" என்று நர்ஸ் கத்தினாள். பெரிய டாக்டர் ஓடி வந்தார். என்னை முக்காதே என்றார்கள், பிறகு முக்கு என்றார்கள், பிறகு திட்டினார்கள். ஒரு வழியாக நீ வந்து விழுந்து அழுதாய். நான் உன் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் வார்டு ஆயா உன் சிவந்த பாதத்தைத் தூக்கித் தன் இடுப்பில் ஒற்றிக்கொண்டாள். காலால் பிறந்த பிள்ளை மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. பிறந்த அன்றே உனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று உன் அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

பிறகு நடவுக் காலம் வந்தால் நம் வீட்டு வாசலில் கூட்டம்தான். குனிந்து நட்டு இடுப்பு பிடித்துக்கொண்ட பெண்கள் கால் சேற்றைக் கழுவிக்கொண்டு நேராக வருவார்கள். "சின்ன டாக்டர் இருக்காங்களா?" என்பார்கள். அரைக்கால் டவுசரும் நீயுமாக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குப்புறப் படுத்திருக்கிறவள் முதுகில் ஏறி நடந்து இறங்குவாய். அவர்கள் வெள்ளரிப் பிஞ்சு கொடுப்பார்கள். நீ அதைக் கடித்துக்கொண்டே அடுத்த முதுகில் ஏறுவாய். நான் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன். ஒரு பூஞ்சைப் பிள்ளையின் பாரம் இறுகிக் கிடக்கிற தசைக்கு இதமாகத்தான் இருந்திருக்கும். தலையால் பிறந்த பிள்ளை நடந்தாலும் அதே இதம்தான். இதை அப்போது சொன்னால் யார் கேட்பார்கள்? எனக்கும் சொல்ல மனசு வரவில்லை. ஊரே உன்னைத் தேடி வருகிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம் என்றே வைத்துக்கொள்.

இப்போது போன பொங்கலுக்கு வருவோம். அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே என் உடம்பு சேதி சொல்ல ஆரம்பித்துவிட்டது. கடைக்குப் போய்விட்டு வந்தேன். "ஒரு கால் செருப்பை எங்க விட்ட?" என்றார் உன் அப்பா. குனிந்து பார்க்கிறேன், இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. அவர் வந்த வழியே தேடிப்போய்ப் பால் சொசைட்டி வாசலிலிருந்து எடுத்து வந்தார். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும், குழாயைப் பிடித்துக்கொள்வேன். மல்லிகைப் பூவைக் கட்ட உட்கார்ந்தால் விரலுக்கு நார் பிடிபடாது. சர்க்கரை இருக்கிறது, நரம்புத் தளர்ச்சி, வயசாகிறது என்று நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். வருஷம் தவறாமல் நரம்பு மண்டலம் நடத்தியவள் நான்! தன் உடம்பு என்று வந்துவிட்டால் எல்லோரும் கடைசி பெஞ்சுதான்.

பொங்கல் அன்று அடுப்பிலிருந்து பானையை இறக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. அது வேறு சங்கதி, சாதாரணத் தசைப் பிடிப்பு. பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு உன்னைக் கூப்பிட்டேன்.

"டேய் தம்பி, வந்து ரெண்டு மிதி மிதிச்சுட்டுப் போடா."

"அம்மா, நான் எண்பது கிலோம்மா. அப்பளமாயிடுவ."

"ஒரு காலை வைக்கத்தானே சொல்றேன். ஏறி நின்னு ஆடவா சொன்னேன்?"

நீ மாட்டேன் என்றாய். நான்தான் விடவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உன் வலது காலை என் இடுப்பில், வேட்டி மடிப்புக் கட்டுகிற உயரத்தில், பூ வைக்கிற மாதிரி வைத்தாய். சுகமாகத்தான் இருந்தது. நான் இன்னும் கொஞ்சம் அழுத்து என்று சொல்லிக்கொண்டே கால் விரலைத் தரையில் ஊன்றினேன். அப்போதுதான் என் இடது பாதம் தானாக ஆட ஆரம்பித்தது. தையல் மெஷின் மிதிக்கிறவள் கால்போலத் தடதடவென்று அடித்துக்கொண்டது. நான் ஆட்டவில்லை, நிறுத்தப் பார்த்தாலும் நிற்கவில்லை. நீ பதறிப்போய்க் காலை எடுத்துக்கொண்டு சுவரோரமாக நின்றுவிட்டாய். கொல்லையிலிருந்து வந்த உன் அப்பா இதைப் பார்த்துவிட்டு, "டேய்! என்னடா பண்ணுன அவளை?" என்று போட்ட சத்தம் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டது. கால் ஆடியது எனக்கு அப்போதே நின்றுவிட்டது. அந்தச் சத்தம் உனக்குள் நிற்கவே இல்லை என்பதை நான் நேற்றுதான் தெரிந்துகொண்டேன்.

சரி, பாடத்துக்கு வா. மூளை பாடம் வரும் வாரத்தில் நான் பாய் கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டு மூளை ஒன்றை முழுசாக வாங்கிக்கொண்டு போவேன். வாழையிலையில் வைத்து, பிள்ளைகளைச் சுற்றி நிற்கச் சொல்லி, ஒவ்வொருவராக விரலால் தொடச் சொல்வேன். விரல் வைத்தால் அமுங்கிவிடும், அவ்வளவு மெத்து. "டீச்சர், பாடம் முடிஞ்சதும் மிளகு போட்டு வறுத்துத் தருவீங்களா?" என்று ஒருத்தன் கட்டாயம் கேட்பான். நம் மூளை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இத்தனை மெத்தான பொருளை மண்டையோட்டுக்குள் சும்மா போட்டு வைத்தால் குலுங்கி நைந்துபோகும். அதனால் மூன்று உறை போட்டு, நடுவில் தெளிந்த நீர் நிரப்பி, அதில் மிதக்கவிட்டிருக்கிறது. மேலே மடிப்பு மடிப்பாகத் தெரிவது பெருமூளை. நீ யோசிப்பது, பேசுவது, என்னை நினைத்துக்கொள்வது, கவிப்பிரியாவிடம் உளறுவது எல்லாம் அங்கே. பின்னால் கீழே ஒதுங்கியிருப்பது சிறுமூளை. மழையில் வழுக்குகிற வரப்பில் உன் அப்பா தலையில் நாற்றுக்கட்டோடு விழாமல் நடக்கிறாரே, அது சிறுமூளை செய்கிற வேலை. அதற்கும் கீழே, தண்டுவடம் தொடங்குகிற வாசலில் முகுளம் இருக்கிறது. மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் அதன் பொறுப்பு. நீ தூங்கினாலும் அது தூங்காது. பெருமூளையின் வலது பாதி உடம்பின் இடது பக்கத்தை ஆள்கிறது, இடது பாதி வலது பக்கத்தை ஆள்கிறது. கட்டளை கொண்டுபோகிற நரம்பு இழைகளில் பெரும்பாலானவை முகுளத்தில்தான் ஒன்றையொன்று தாண்டிப் பக்கம் மாறுகின்றன.

இனிதான் முக்கியமான இடம், கவனி. முகுளத்துக்குக் கீழே முள்ளெலும்புகளின் நடுவிலுள்ள துளை வழியாக இறங்குவது தண்டுவடம். சுண்டுவிரல் பருமன், ஒன்றரை அடி நீளம், அவ்வளவுதான். கை கால்களுக்குப் போகிற கட்டளை எல்லாம் அதன் வழியாகத்தான் இறங்க வேண்டும். கால் எங்கே இருக்கிறது, தரை சூடா, செருப்பு இருக்கிறதா, கழன்றதா என்கிற சேதி எல்லாம் அதன் வழியாகத்தான் ஏற வேண்டும். மூளையில் சாம்பல் நிறப் பகுதி வெளியே, வெள்ளை உள்ளே. தண்டுவடத்தில் வெள்ளை வெளியே, சாம்பல் உள்ளே. இதை மாற்றி எழுதாத பிள்ளையை நான் கண்டதே இல்லை. தண்டுவடம் வெறும் கம்பி இல்லை, அதற்கும் சொந்த புத்தி உண்டு. சுடுகிற தோசைக்கல்லில் விரல் பட்டால் மூளைக்குச் சேதி போய்ச் சேருவதற்கு முன்பே கையை இழுத்துவிடுவது தண்டுவடம்தான். நாம் 'ஆ' என்று கத்துவது அப்புறம். இந்தச் சொந்த புத்தி அளவுக்கு மீறி ஆடாமல் மூளை எப்போதும் மேலிருந்து அதட்டிக்கொண்டே இருக்கிறது. நடுவில் கழுத்தில் எங்காவது நெருக்கி, அந்த அதட்டல் கீழே வராமல் போனால்? பெரியவர்கள் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மாதிரி கீழே கால் தன்னிஷ்டத்துக்கு ஆடும். விரலை ஊன்றினால் போதும், தடதடவென்று அடித்துக்கொள்ளும். அன்று நீ பார்த்தது அதைத்தான்.

இன்னொன்று. நீ என் வயிற்றில் சின்னதாக இருந்தபோது உன் தண்டுவடம் முதுகெலும்பு முழுக்க, வால் எலும்பு வரைக்கும் இருந்தது. பிறகு எலும்பு வேகமாக வளர்ந்துவிட்டது, தண்டுவடம் அந்த வேகத்துக்கு வளரவில்லை. வளர்ந்த ஆளுக்கு அது கடைசி விலா எலும்புக்குக் கொஞ்சம் கீழேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே எலும்புக்குள் இருப்பது குதிரை வால் மாதிரி தொங்குகிற நரம்புக் கற்றைதான். பிரசவத்துக்கு முதுகில் ஊசி போடுகிறார்களே, அதையும் தண்டுவடத்தில் பட்டுவிடக்கூடாது என்றுதான் கீழே இறக்கிப் போடுகிறார்கள். இதை நான் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ஆனால் உன் விஷயத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்கே இன்னொருத்தர் வேண்டியிருந்தது.

தஞ்சாவூரில் அந்த டாக்டரம்மாவிடம் ஸ்கேன் படத்தோடு நாம் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? நீ எங்களை வாசலில் இறக்கிவிட்டு, கார் நிறுத்த இடம் தேடிப் போனாய். அந்த நேரத்தில்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். கழுத்தில் எலும்பு வளர்ந்து, சவ்வு பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்குகிறது, ஆபரேஷன் செய்யாவிட்டால் நடை முழுக்கப் போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லி முடித்தார். உன் அப்பா எழுந்து நின்றார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணுங்க. பொங்கல் அன்னைக்கி எம் பையன் இவ முதுகுல காலை வச்சான். அதனாலதான் இப்படி ஆயிடுச்சுங்களா?"

"எந்த இடத்துல வச்சாங்க?"

உன் அப்பா திரும்பி நின்று, சட்டையைத் தூக்கித் தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினார். எனக்கு மானம் போயிற்று. டாக்டரம்மா சிரித்துவிட்டார். படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனாவால் மேலிருந்து கோடு இழுத்துக்கொண்டே வந்தார்.

"இங்க பாருங்கய்யா. தண்டுவடம் இதோட முடிஞ்சுபோச்சு. உங்க பையன் கால் வச்சது இங்க. அந்த இடத்துல தண்டுவடமே இல்ல. நோவு இருக்கிறது மேல கழுத்துல. இது ஒரு நாள்ல வர்றது இல்லீங்க, வருஷக்கணக்கா நெருக்கியிருக்கு. கால் ஆடுனது மிதிச்சதால இல்ல. ஏற்கெனவே உள்ள இருந்தது அன்னைக்கி வெளிய தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். அன்னைக்கி உங்க பையன் பாக்கலன்னா இன்னும் லேட்டாத்தான் வந்திருப்பீங்க."

உன் அப்பா தூக்கிய சட்டையை இறக்க மறந்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சட்டையை இறக்குங்க" என்று நான்தான் இழுத்துவிட்டேன். நீ மூச்சு வாங்க மாடியேறி வந்தபோது ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிற பேச்சு ஆரம்பித்திருந்தது. பிறகு ரத்தப் பரிசோதனை, அந்தக் கையெழுத்து, இந்தக் கையெழுத்து என்று ஓடிவிட்டோம்.

நேற்று கவிப்பிரியா போனை வைத்ததும் உன் அப்பாவைக் கூப்பிட்டேன். வயலில் தண்ணீர் வடியவைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"என்னங்க, அன்னைக்கி டாக்டரம்மா சொன்னதத் தம்பிகிட்ட சொன்னீங்களா இல்லியா?"

"நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்."

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னுல்ல நான் நெனச்சேன்!"

அவர் மண்வெட்டியைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "நான்தானே அவனைச் சத்தம் போட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன்கிட்ட போய்ச் சொல்றது?" என்றார். பிறகு, "நீ எழுது. அன்னைக்கி அப்பனுக்குப் புத்தி இல்லைன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். அவருக்குப் படித்தும் காட்டினேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். பார்த்தாயா தம்பி, நாங்கள் இத்தனை வருஷம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறோம். ஒருத்தர் சொல்லியிருப்பார் என்று இன்னொருத்தர் நினைத்தே ஒரு பிள்ளையை இப்படி வேகவிட்டிருக்கிறோம். கல்யாணம் செய்துகொள்ளப்போகிறவனுக்கு என்னிடம் வேறு பெரிய அறிவுரை கிடையாது. நல்ல சேதியாக இருந்தால் ரெண்டு பேரும் தனித்தனியாகச் சொல்லுங்கள், ரெண்டு தரம் கேட்டால் யாருக்கும் காது வலிக்காது. மனசை அரிக்கிறது என்றால் அன்றைக்கே வாயைத் திறந்து கேளுங்கள். நீ அன்று அந்த மாடியில் நின்று, "டாக்டர், நான் மிதிச்சதாலயா?" என்று கேட்டிருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். கேட்கப் பயந்தாய். கவிப்பிரியா பயப்படாமல் என்னிடம் கேட்டாள். அவளைத் தள்ளிப்போடப் பார்க்கிறாயே, உனக்கு வாய்த்தது எப்படிப்பட்ட பெண் என்று தெரிகிறதா இல்லையா?

ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது யார்? நீதான். சர்க்கரைதான்டா, மாத்திரை போட்டால் சரியாகும் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், லீவு போட்டுவிட்டு வந்து என்னைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாய். பயத்தில் செய்தாய் என்று இப்போது புரிகிறது. பயமோ பாசமோ, இன்று நான் என் காலில் நடந்து கொல்லைக்குப் போகிறேன் என்றால் அது உன் கால் கண்டுபிடித்துக் கொடுத்தது. ஊரில் யாராவது வேறு மாதிரி பேசினால் என்னிடம் அனுப்பு, அவர்களுக்கும் சேர்த்துப் பாடம் எடுக்கிறேன்.

ஆனால் ஒன்று. இனிமேல் யார் கேட்டாலும் முதுகில் ஏறாதே. நீ தப்புச் செய்தாய் என்பதற்காக இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது, என் கழுத்தில் இருந்தது எனக்கே தெரியவில்லை. சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கிற பழக்கம் உன் அப்பாவுக்கும் உனக்கும் உண்டு, அதை இன்றோடு விடுங்கள். தென்னை மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ யாராவது விழுந்தால் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்து சோடா கொடுக்காதே. நம் ஊரில் எல்லோரும் நல்ல மனசோடு செய்கிற தப்பு அது. கழுத்தும் முதுகும் அசையாமல் பலகையில் கிடத்தித்தான் தூக்க வேண்டும். எலும்பு முறிந்தால் கூடிவிடும். தண்டுவடம் அறுந்தால் கூடாது.

இப்போது நீ காத்திருக்கிற 'பழையபடி'க்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். "இருக்கிறதக் காப்பாத்தறதுக்குத்தாம்மா ஆபரேஷன். போனதுல எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது." பின்கழுத்தைத் திறந்து எலும்பைத் தளர்த்தித் தண்டுவடத்துக்கு இடம் பண்ணிக் கொடுத்தார்கள். நிறையவே திரும்பியிருக்கிறது. பூ கட்டுகிறேன், ஆனால் நெருக்கமாக வருவதில்லை. புடவை மடிப்பை நானே எடுக்கிறேன், உன் அப்பா கீழே உட்கார்ந்து இழுத்து நேர் செய்கிறார், அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. வலது கையில் கடைசி ரெண்டு விரல் மரத்தே கிடக்கிறது. அது அப்படியே இருந்துவிடலாம். பழையபடி என்று ஒரு நாள் வராது தம்பி. அந்த நாளுக்காகக் கல்யாணத்தைத் தள்ளினால் நீ கிழவனாகிவிடுவாய். எனக்கு இருக்கிற எட்டு விரலில் எந்தக் குறையும் இல்லை, உன் பெண்டாட்டிக்குப் பூ வைத்துவிட அது போதும்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொல்லி, கால் கட்டைவிரலைப் பிடித்து அசைத்து, "மேல இருக்கா, கீழ இருக்கா?" என்று கேட்டார். ரெண்டு காலிலும் தப்புத் தப்பாகச் சொன்னேன். எத்தனை பிள்ளைகளுக்கு மார்க் போட்டவள், என் கால் எங்கே இருக்கிறது என்கிற பரீட்சையில் பெயில். அன்றுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. போன மாதம் மறுபடி வைத்தார்கள். இடது காலில் எல்லாமே சரி. வலது காலில் இன்னும் நடுநடுவே தடுமாறுகிறேன்.

தை மாதம் திருவாரூர் மண்டபத்தில் பாத பூஜை நடக்கும். இதை நான் கேட்கவில்லை, சொல்கிறேன். தாம்பாளத்தில் நானும் உன் அப்பாவும் காலை வைப்போம். சொம்பை நீயே எடு, கவிப்பிரியா மஞ்சள் பூசட்டும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். முதலில் இடது காலில் ஊற்று, தண்ணீர் விழுகிற இடத்தை அப்படியே சொல்லிவிடுவேன். பிறகு வலது காலில் ஊற்று. தெரியவில்லை என்று சொன்னால் பதறி ஓடாதே. அங்கேயே இருந்து இன்னொரு சொம்பு ஊற்று.

உன் அம்மா